பிடிச்ச வழிதான் பேரைக் கொடுக்குது

நடுவர் அவர்களே, வணக்கம். டைரன்ட், அதாவது கொடுங்கோலன்னு ஒருத்தனைச் சொல்ல வைக்கிறது அவன் ஆட்சியைப் பிடிச்ச வழியா, ஆண்ட விதமா? பிடிச்ச வழிதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா, கொடுங்கோல்னா வளைஞ்ச கோல், ஆளும்போதுதானே வளையும்னு கேட்டாங்க. தமிழ் வார்த்தைக்கு அது சரி, ஒத்துக்கறேன். ஆனா டைரன்ட்டோட பொறப்பு வேறங்க. கிரேக்கத்துல டுரன்னோஸ்னு சொல்வாங்க, அதுகூட வெளியூர்ல இருந்து வந்த சொல்லுதான். நமக்குக் கிடைச்சதுல ரொம்பப் பழசு கி.மு. 7ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கவிஞர் ஆர்க்கிலோகஸோட பாட்டு, அதுல வர்றவன் இன்னைக்குத் துருக்கி இருக்கற பக்கம் இருந்த லிடியாவோட ராஜா கைஜஸ், அவன் முன்னால இருந்த ராஜாவைக் கொன்னுட்டு உக்காந்தவன்! அப்போ அந்தச் சொல்லுல கொடுமைங்கற அர்த்தமே கெடையாது, பரம்பரையும் இல்லாம சட்டமும் இல்லாம ஆட்சியைப் பிடிச்சவன், அவ்வளவுதான்.

அடுத்து, கிரேக்க ஊரான ஏதென்ஸை ஆண்ட டைரன்ட் பெய்சிஸ்ட்ராடஸ் நல்லவர்னு ஒரு கதை சொன்னாங்க. மலையில ஒரு விவசாயி வெறும் பாறையைக் கொத்திட்டு இருக்கான், இதுல என்னப்பா கிடைக்குதுன்னு ஆள் விட்டுக் கேக்குறாரு, அவனுக்கு யாருன்னே தெரியாது, "வலியும் வேதனையும்தான், அதுலயும் பத்துல ஒரு பங்கு பெய்சிஸ்ட்ராடஸுக்குப் போகணும்"ங்கறான், அவர் சந்தோஷப்பட்டு வரியையே தள்ளுபடி பண்ணிட்டாரு. நல்ல மனசுதாங்க, நான் மறுக்கல. ஆனா அன்னைக்கு அவருக்குக் கோவம் வந்திருந்தா? அந்த ஏழைக்கு எந்தச் சட்டம் துணைக்கு வந்திருக்கும்? இவரே எப்படி வந்தாரு, தன் உடம்புல தானே காயம் பண்ணிட்டு, எதிரிங்க அடிச்சுட்டாங்கன்னு சந்தைக்கு வண்டியை ஓட்டிட்டு வந்து, ஊர் காவலுக்குக் குடுத்த தடிக்காரங்களை வச்சே கோட்டையைப் பிடிச்சவரு!

அவர் கி.மு. 527ல செத்தாரு, பதவி பிள்ளைங்க கைக்குப் போச்சு. 514ல சின்னவன் ஹிப்பார்க்கஸைக் குத்திக் கொன்னாங்க, அதுக்கப்புறம் மூத்தவன் ஹிப்பியஸ் ஊரையே சந்தேகப்பட்டு ஆளுங்களைக் கொன்னான், நாடு கடத்தினான். அதே நாற்காலிதாங்க, அப்பன் வரி தள்ளுபடி பண்ணின அதே நாற்காலி. அதுல இருந்து அவனை எறக்க ஏதென்ஸ்காரங்களால முடியல, 510ல ஸ்பார்ட்டா படை வந்துதான் எறக்குச்சு. அந்த விவசாயியோட பேரன், இந்த ஹிப்பியஸ் காலத்துல, யார்கிட்ட போய் நின்னிருப்பான், அதை மட்டும் எதிரணி எனக்குச் சொல்லட்டும் நடுவர் அவர்களே.