டிகிரி முடித்தால் வேலை கிடைக்குமா? வேலந்தாவளத்துத் தங்கச்சியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி பி.காம். மூன்று வருஷமும் படித்துவிட்டான், ஆனால் இரண்டு பேப்பர் சப்ளி கிடக்கிறது, அதாவது பாஸாகாமல் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா, "முதலில் டிகிரியை முடிடா" என்கிறார். அவனோ, "டிகிரி வாங்கினவனே வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு மட்டும் அது எதுக்கு?" என்கிறான். இந்த மாதிரி நேரத்தில் டிகிரியால் பிரயோஜனம் உண்டா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கும் போகட்டும், சப்ளியையும் எழுதி முடிக்கட்டும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்கிற நிலைமை அவனுக்கு இல்லை. ஆனால் தம்பி சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது, அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பேசலாம்.

2024-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.எல்.ஓ. என்று சொல்வார்களே, அவர்களும் டில்லியில் இருக்கிற ஓர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிட்டார்கள். அதில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம்தான். இதை மட்டும் பார்த்தால் படிக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றும். தம்பி சொல்வதும் இதுதான்.

ஆனால் அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை இல்லாதவர் என்று கணக்கில் வர வேண்டுமானால் அவர் வேலை தேடிக்கொண்டு இருக்க வேண்டும். படிக்காத பையனுக்குத் தேடிக்கொண்டு இருக்க எங்கே நேரம்? தென்னந்தோப்புக்கோ, செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ அன்றைக்கே போயாக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. எந்தக் கூலிக்குப் போனாலும் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். டிகிரி வாங்கினவனுக்கு அப்பா அம்மா இன்னும் ஒரு வருஷம் சோறு போடுவார்கள். அவன் தகுதிக்கு ஏற்ற வேலை வரட்டும் என்று காத்திருக்கிறான். நம் பக்கத்தில் வேலையே குறைவு என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த 29-க்குள் இந்தக் காத்திருப்பும் சேர்ந்து கிடக்கிறது. படிக்காதவன் நல்ல சம்பளத்தில் இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இதே கேள்வியை அமெரிக்காவில் கேட்டால் கணக்கு தலைகீழாக வரும். 2008-ல் வங்கிகள் கவிழ்ந்து, மறு வருஷம் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. 2009-ல் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில், பட்டம் பெற்றவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர்களில் 9.7. பள்ளியையே முடிக்காதவர்களில் 14.6. அங்கே வேலை போனால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு தேடுவதற்குப் படிக்காதவருக்கும் கொஞ்சம் வழி உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நமக்கும் பொருந்தும். நேரம் மோசமாகும்போது வேலைக்கு ஆள் எடுப்பவர் எதிர்பார்ப்பைக் கூட்டிவிடுவார். ப்ளஸ் டூ போதும் என்றிருந்த இடத்தில் டிகிரி கேட்பார். ஒரு வேலைக்கு நூறு பேர் வந்து நின்றால் அவரும் எப்படித்தான் கழிப்பார்?

பாலக்காட்டுப் பக்கம் கம்பெனிகள் நிறைந்த கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். மேஜை மேல் பயோடேட்டாக்கள் குவிந்து கிடந்தன. அந்த மேனேஜர் எதையும் படிக்கவில்லை. டிகிரி இருந்தால் வலது பக்கம், இல்லாவிட்டால் இடது பக்கம். பி.காமா, பி.ஏ. தமிழா, பி.எஸ்ஸி.யா என்றுகூடப் பார்க்கவில்லை. இடது பக்கத்துக் கட்டு அப்படியே அலமாரிக்குப் போய்விட்டது. அதில் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்களோ, எனக்கு மனசு கேட்கவில்லை. இது சரியான முறை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சப்ளி கிடக்கிற பிள்ளையின் பயோடேட்டா எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வலது பக்கத்துக் கட்டிலிருந்து ஆறேழு பேரைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி: "இங்கிருந்து சரக்கு கோயம்புத்தூருக்குப் போகிறது. பில்லில் என்ன வரி போடுவாய்?" அவ்வளவுதான். கேரளாவுக்குள்ளேயே போனால் ஜி.எஸ்.டி. வரியை மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி., மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதிப் பாதியாகப் போட வேண்டும். எல்லையில் இருக்கிற வாளையாறைத் தாண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு. அதில் இரண்டாவது பகுதியில் லாரி நம்பரைப் போட மறந்தால் வண்டியை வழியில் நிறுத்திவிடுவார்கள். மூன்று வருஷம் வணிகவியல் படித்த பிள்ளைகளில் இதைத் தயங்காமல் சொன்னவர் ஒரே ஒருவர். அந்தப் பெண்ணுக்கும் காலேஜில் தெரிந்தது இல்லை, சித்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் உட்கார்ந்து கற்றது. வேலை அந்தப் பெண்ணுக்குத்தான். தமிழ்நாட்டு லாரிக்காரரிடம் தமிழிலும் ஆபீஸில் மலையாளத்திலும் பேச வந்தது கூடுதல் பலம்.

தங்கச்சி, இதை உங்கள் தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள். அவன் போகப்போகிற ஹார்டுவேர் கடையில் தினமும் கையில் வரப்போவது இந்தப் பில்தான். அந்தச் சம்பளம் சின்னதாக இருக்கலாம், ஆனால் டிகிரியோடு சேரும்போது அந்த அனுபவத்துக்கு மதிப்பு வேறு. டிகிரி மட்டும் இருந்தால் கூப்பிடுவார்கள், எடுக்க மாட்டார்கள். பழக்கம் மட்டும் இருந்தால் கூப்பிடவே மாட்டார்கள்.

அரசு வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதில் குழப்பம் அதிகம். கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி.யில், கீழ்நிலை எழுத்தர் என்கிற எல்.டி. கிளார்க்குக்குப் பத்தாம் வகுப்பு போதும். செக்ரட்டேரியட் அசிஸ்டென்ட் மாதிரி வேலைகளுக்கு டிகிரி கட்டாயம். பல துறைகளுக்கான லாஸ்ட் கிரேடு என்கிற கடைநிலை ஊழியர் வேலைக்கு ஏழாம் வகுப்பு போதும், ஆனால் டிகிரி முடித்தவர் விண்ணப்பிக்கவே கூடாது. டிகிரி ஒரு கதவைச் சாத்துகிற இடமும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதற்காக யாரும் சப்ளியை எழுதாமல் விடாதீர்கள், அது முட்டாள்தனம். வங்கி கிளார்க் தேர்வுக்கு எந்தப் பாடமானாலும் டிகிரி வேண்டும், வயது 20 முதல் 28 வரை, இட ஒதுக்கீட்டுக்காரர்களுக்குத் தளர்வு உண்டு. விண்ணப்பிக்கிற மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு வரம். மலையாளம் எழுதப் படிக்க வந்தால் கேரளத்துக்குப் போடலாம், தமிழ் வந்தால் தமிழ்நாட்டுக்குப் போடலாம். ஒரு தேர்வுக்கு ஒரு மாநிலம்தான், எங்கே இடம் அதிகம் என்று பார்த்துப் போட வேண்டும். ஆனால் அவர்கள் குறிப்பிடும் தேதிக்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும். சப்ளி கிடந்தால் இந்த வழி முழுசாக அடைபட்டுவிடும்.

அப்புறம், காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டில் தொழில் நகரம் வரப்போகிறது, 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது, 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய் திட்டம். நல்லதுதான், வரட்டும். ஆனால் நிலம், ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் முடிந்து கம்பெனி வந்து ஆள் எடுக்கும்வரை உங்கள் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருந்த வருஷத்தை இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். உதவித்தொகையோடு வேலை பழகுகிற அப்ரென்டிஸாகவாவது சேரலாம். பட்டதாரி அப்ரென்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது, பி.காம். பிள்ளைகளும் சேரலாம்.

ப்ளஸ் டூ முடித்து இனிமேல்தான் சேரப்போகிறவர்களுக்கு என் பதில் வேறு. ஏதாவது ஒரு டிகிரி இருக்கட்டும் என்று கடன் வாங்கிச் சேராதீர்கள். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால் மலம்புழா ஐ.டி.ஐ. பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல வெல்டருக்கும், கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷினை ஓட்டுகிற சி.என்.சி. ஆபரேட்டருக்கும் கோயம்புத்தூரில் வேலை உண்டு. டிகிரி பிறகு வேண்டுமானால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்தில் தபாலில் படிக்கலாம். ஆறு மாதத்தில் டிகிரி, பரீட்சையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரத்துக்கு மட்டும் ஒரு பைசா கட்டிவிடாதீர்கள். சர்டிபிகேட் சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலையும் போய் போலீஸ் கேஸும் ஆகும்.

சரி, தங்கச்சியின் தம்பிக்கு வருவோம். மூன்று வருஷப் படிப்பில் இரண்டு பேப்பர்தான் பாக்கி. காலிகட் பல்கலைக்கழகத்தின் சப்ளி அறிவிப்பு எப்போது வருகிறது, அவனுடைய பேட்ச்சுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு மீதி இருக்கிறது என்பதை இந்த வாரமே காலேஜ் ஆபீஸில் போய்க் கேட்கட்டும். வாய்ப்பு தீர்ந்துவிட்டால் சிறப்புத் தேர்வு அறிவிக்கும்வரை நிற்க வேண்டியிருக்கும். கடையில் சேரும்போதே முதலாளியிடம், "எனக்கு இரண்டு பேப்பர் இருக்கிறது, பரீட்சை நாளுக்கு லீவு வேண்டும்" என்று சொல்லிவிடட்டும். சேர்ந்த பிறகு மறைத்துக் கேட்பதைவிட அது நல்லது. பஸ்ஸில் போக வர ஆகிற நேரத்தில் ஒரு பேப்பருக்கான பாடத்தை மெதுவாக முடித்துவிடலாம்.