பிறந்த மண்ணா, புகுந்த மண்ணா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஸ்பெயின் நாட்டு நடிகை மார்கரித்தா ஷிர்குவின் பெயரை நிலைநிறுத்தியது பிறந்த மண்ணா, புகுந்த மண்ணா? இதுதான் இன்றைய கேள்வி. பிறந்த மண் ஸ்பெயின். புகுந்த மண் சிலி, அர்ஜென்டினா, உருகுவே. புகுந்த மண்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி நிறைவாகப் பேசினார். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் மோலின்ஸ் தே ரேய் என்ற ஊரில் 1888-இல் ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்த பெண், மாட்ரிட்டின் தெயாத்ரோ எஸ்பன்யோல் அரங்கில் முதன்மை நடிகையாக நின்ற கதையைச் சொன்னார். 1927-இல், கவிஞரும் நாடக ஆசிரியருமான லோர்கா இன்னும் பெயர் பெறாத காலத்தில், அவருடைய 'மரியானா பினேடா'வைத் துணிந்து மேடையேற்றியவர் ஷிர்கு என்றார். 1933-இல் மெரிடாவின் பழைய ரோமானிய அரங்கில் பழங்கதை நாயகி மெதேயாவாக நின்றதையும் சொன்னார். அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை.

இன்னும் ஒன்றை நானே சேர்த்துச் சொல்கிறேன். 1934 டிசம்பர் 29. மாட்ரிட்டில் லோர்காவின் 'யெர்மா' நாடகத்தின் முதல் நாள். திரை விலகியதும் வலதுசாரி இளைஞர்கள் சிலர் ஷிர்குவைத் திட்டிக் கூச்சல் போட்டார்கள். ஸ்பெயின் குடியரசின் முன்னாள் பிரதமர் அசான்யாவின் நண்பர் அவர் என்பதுதான் கோபம். கூச்சல் போட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாடகம் தொடர்ந்தது. பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணாக அவர் நடித்து முடித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. பிறந்த மண் கொடுத்த பெரிய இரவு அது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த இரவில் அவரிடம் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். தலைநகரின் பெரிய அரங்கு இருந்தது. ரிவாஸ் ஷெரிஃப் என்ற தேர்ந்த இயக்குநர் இருந்தார். தாய்மொழிபோல் பழகிய ரசிகர் கூட்டம் இருந்தது. எழுதியவரே பக்கத்தில் இருந்தார். இவ்வளவும் இருக்கும்போது ஒருவர் உயர்வதில் வியப்பில்லை. இத்தனையும் ஒரே ஆண்டில் கையைவிட்டுப் போன பிறகு என்ன ஆனார் என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது.

1936 ஜனவரி கடைசியில் தன் குழுவோடு கப்பலேறினார். நாடகச் சுற்றுப்பயணம்தான், திரும்பி வரப்போகிற பயணம்தான். லோர்காவும் பின்னாலேயே மெக்ஸிகோவுக்கு வருவதாகப் பேச்சு. ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆகஸ்டில் கிரனாடாவுக்கு அருகே லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 38.

'யெர்மா'வின் கடைசியில் கதாநாயகி, "என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன்" என்று கதறுவாள். லோர்கா இறந்த செய்தி வந்த பிறகு மேடையேறிய ஷிர்கு அந்த வசனத்தை, "என் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள்" என்று மாற்றிச் சொன்னதாக நாடகக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இதை முதன்முதலில் கேட்ட அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறந்த மண் அடுத்து என்ன செய்தது? உள்நாட்டுப் போரில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி, ஷிர்கு இல்லாமலேயே விசாரணை நடத்தி, சொத்தைப் பறித்து, நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. அப்போது தாங்கிப் பிடித்தது புகுந்த மண்.

திரையைப் பற்றி எதிரணி அதிகம் பேசவில்லை, நான் பேசுகிறேன். 1915 வாக்கில் ஸ்பெயினில் சில மௌனப் படங்களில் நடித்திருக்கிறார். முகம் இருந்தது, குரல் இல்லை. லோர்காவின் 'இரத்தத் திருமணம்' 1938-இல் அர்ஜென்டினாவில் பேசும் படமானபோது தாய் வேடம் ஏற்றவர் அவர். கணவனையும் மூத்த மகனையும் கத்திக்குப் பறிகொடுத்து, இருக்கும் ஒரு மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று தவிக்கும் தாய். அந்தத் தாயின் குரலாக ஷிர்குவின் குரலை வெள்ளித்திரையில் கேட்க வைத்தது எந்த மண்?

இனி 1945 மார்ச் 8-க்கு வருகிறேன். இடம் புவெனஸ் ஐரிஸ், தெயாத்ரோ அவெனிதா. 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' உலகிலேயே முதன்முறையாக மேடையேறிய நாள். இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு லோர்கா எழுதி முடித்த நாடகம் அது. மேடையில் வருவோர் எல்லோரும் பெண்கள். கணவனைப் புதைத்துவிட்டு வந்த பெர்னார்தா, எட்டு ஆண்டு துக்கம் காக்க வேண்டும், தெருக்காற்றுகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஐந்து மகள்களையும் அடைத்து வைக்கிறாள். அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "அமைதி!" கடைசி மகள் தூக்கில் தொங்கிய பிறகு, அழுகிறவர்களைப் பார்த்து அவள் சொல்லும் கடைசிச் சொல்லும் அதேதான்.

பெர்னார்தாவாக நின்றவர் ஷிர்கு. கதையில் அவளுக்கு 60 வயது, ஷிர்குவுக்கு 56. எட்டாண்டுத் துக்கம் என்று அவர் சொல்லும்போது, எழுதியவர் போய் எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவருக்குக் கல்லறை எங்கே என்றுகூடத் தெரியாது. அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு உயிர் வந்தது அந்த அரங்கில்தான். ஸ்பெயினின் வணிக அரங்குகள் இந்த நாடகத்தைப் பார்க்க 1964 வரை காத்திருந்தன. ஷிர்குவின் பெயரோடு லோர்காவின் பெயரைச் சேர்த்தே உலகம் சொல்கிறதென்றால், அந்த இரவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சிலியில் இளைஞர்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தார். உருகுவேயின் தலைநகர் மொந்தெவிதேயோவில் 1949-இல் தொடங்கிய நகராட்சி நாடகப் பள்ளியில் ஆசிரியராகவும் அதன் தலைவராகவும் இருந்தார். அந்நாட்டின் தேசிய நாடகக் குழுவுக்கு நாடகங்களை இயக்கினார். உருகுவேயின் பெரிய நடிகை எஸ்தெலா மெதினா அவருடைய மாணவி. புகழ்பெற்ற சீனா சொரில்யா அவர் இயக்கத்தில் நடித்தவர். சொந்தப் பிள்ளை இல்லாத அந்த அம்மாவுக்கு இவர்கள்தான் பிள்ளைகள்.

எதிரணி நண்பர் ஒருவர், "கடைசியில் அவர் எலும்புகள் 1988-இல் பிறந்த ஊருக்கே வந்துவிட்டனவே" என்று கேட்டார். வந்தன, ஐயா. அவர் இறந்தது 1969 ஏப்ரலில், மொந்தெவிதேயோவில். பிராங்கோ இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் அழைத்துக்கொண்டது. உயிரோடு இருந்தபோது அவர் ஊர் திரும்ப ஏங்கிய நாட்களில் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் கற்றுக்கொடுத்த நாடகப் பள்ளி இன்றும் மொந்தெவிதேயோவில் மார்கரித்தா ஷிர்கு என்ற பெயரோடு நடக்கிறது. நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன், அவெனிதா அரங்கில் அந்த "அமைதி!" ஒலித்த இரவை ஒருமுறை நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.