20 வெற்றி, 134 தோல்வி

நேயர்களுக்கு வணக்கம்.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 15. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம். கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்ற பேஸ்பால் அணி அங்கே ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தது. அந்த ஹோட்டலின் சுருட்டுக் கடையில் எடி கோல்ப் என்று ஓர் இளைஞர் வேலை பார்த்தார். வயது 19. உள்ளூர் ஆட்டங்களில் பந்து எறிந்த பழக்கம் மட்டும்தான் உண்டு. சீசனின் கடைசி ஆட்டத்தில் அவரையே பிட்சராக இறக்கிவிட்டார்கள்.

பிட்சர் என்றால் நம் கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் மாதிரி. ஆனால் பொறுப்பு அதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை ஒரே ஆள்தான் எறிவார். பாதி ஆட்டம் அவர் தோளில் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், காலையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த பையன். சின்சினாட்டி 19 ரன் எடுத்தது. ஸ்பைடர்ஸ் 3.

அத்தோடு அந்த அணியின் கதையே முடிந்தது. 154 ஆட்டம் ஆடி, 20-ல் வென்று, 134-ல் தோற்றிருந்தார்கள். அமெரிக்காவின் முதல்தர லீக்குகளில் ஒரு சீசனில் இத்தனை தோல்வி கண்ட அணி இன்றுவரை வேறு கிடையாது. 2024-ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்று எல்லோரையும் பேச வைத்தது. அதுவும் 162 ஆட்டங்களில்தான்.

ஸ்பைடர்ஸ் என்று பெயரெடுத்தால் பேஸ்பால் ரசிகர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் அந்த 134 தோல்விக்கும் சீசன் தொடங்கும் முன்பே அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள். போட்டவர்கள் எதிரணிக்காரர்கள் இல்லை, அணியின் சொந்த முதலாளிகள்.

ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்று அண்ணன் தம்பி இருவர். ஃபிராங்குக்கு கிளீவ்லாந்தில் டிராம் தொழில். 1891-ல் தன் டிராம் தடங்கள் போகிற இடமாகப் பார்த்து லீக் பார்க் மைதானத்தைக் கட்டினார். ஆட்டத்துக்கு வருகிறவர் டிக்கெட்டும் வாங்குவார், டிராமிலும் ஏறுவார். அணியும் நல்ல அணி. ஒல்லியான, கைகால் நீண்ட ஆட்டக்காரர்கள் இருந்ததால் சிலந்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1895-ல், லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் மோதும் டெம்பிள் கோப்பையை வென்றார்கள். அந்த அணியின் பிட்சர்தான் சை யங். வாழ்நாளில் 511 வெற்றிகள். இன்றைக்கும் ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த 511-ல் 241 வெற்றி ஸ்பைடர்ஸ் சட்டையில் வந்தவை.

ஆனால் கூட்டம் வரவில்லை. 1898-ல் பாதிக்கு மேல் வென்ற அணிக்கே மைதானம் நிரம்பவில்லை. அந்த நேரம் பார்த்து செயின்ட் லூயிஸ் நகரத்து அணி கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தது. அது பெரிய ஊர், கூட்டம் கூடும் ஊர். ராபிசன் சகோதரர்கள் அதையும் வாங்கினார்கள். ஒரே லீக்கில் ஒருவருக்கே இரண்டு அணி என்பதை அன்றைய விதிகள் தடுக்கவில்லை. அதைத் தடை செய்ய லீக்குக்குப் பிற்பாடுதான் புத்தி வந்தது.

அப்புறம் நடந்தது ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. சை யங், அடித்து ஆடுவதில் பேர்போன ஜெஸ்ஸி பர்க்கெட், பாபி வாலஸ், களத்தில் அணியை வழிநடத்தும் மேனேஜர் பாட்சி டெபோ என்று கிளீவ்லாந்தின் முதுகெலும்பு முழுவதையும் உருவி செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். முந்தைய ஆண்டில் 111 ஆட்டம் தோற்றிருந்த செயின்ட் லூயிஸின் மிச்சசொச்சங்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஏப்ரல் 15, சீசனின் முதல் ஆட்டம். இந்த இரண்டு அணிகளும்தான் மோதின. கிளீவ்லாந்துக்கு எதிராகப் பந்து எறிய வந்தவர் சை யங். 10-க்கு 1 என்று தோல்வி. நேற்றுவரை தங்களுக்காக எறிந்த கை அன்று தங்களுக்கு எதிராக எறிவதைக் கிளீவ்லாந்துக்காரர்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள்?

தாங்கவில்லை. மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். சொந்த ஊரில் நடந்தவை 42 ஆட்டங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த கூட்டம் சுமார் 6,000 பேர்தான். ஓர் ஆட்டத்துக்கு 150 பேர்கூடத் தேறவில்லை. மூன்று பஸ்ஸில் ஏற்றிவிடலாம். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வெளியூர் அணிக்குப் போகும். அந்தப் பங்கு ரயில் செலவுக்கும் ஹோட்டல் வாடகைக்கும்கூடக் காணாது என்பதால் மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வரவே மறுத்தன. சரி, நாமே போவோம் என்று ஸ்பைடர்ஸ் கிளம்பியது. 112 ஆட்டங்களை அடுத்தவர் மைதானத்தில் ஆடினார்கள். அதில் 101 தோல்வி. பத்திரிகைகள் அவர்களுக்கு நாடோடிகள் என்றே பெயர் வைத்தன. இன்றைய சீசனில் ஓர் அணிக்கு வெளியூர் ஆட்டமே 81-தான். அதனால் அந்த 101 அசையாமல் அப்படியே நிற்கும்.

இடையில் கொஞ்சம் தலையெடுத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த லேவ் கிராஸ் கைகொடுக்கக்கூடிய ஆள். 38 ஆட்டம் முடிந்ததும் அவரையும் செயின்ட் லூயிஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போது கணக்கு 8 வெற்றி, 30 தோல்வி.

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜோ க்வின். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். சீசன் இல்லாத மாதங்களில் செயின்ட் லூயிஸில் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்தியவர். இந்தத் தகவலை வைத்து அந்தக் காலத்திலேயே எத்தனையோ கேலி செய்திருப்பார்கள். நான் பார்ப்பது வேறு கணக்கை. அவர் தலைமையில் 12 வெற்றி, 104 தோல்வி. ஆனாலும் மனிதர் நாள் தவறாமல் தன் இடத்தில் இறங்கி, கௌரவமாக மட்டை பிடித்திருக்கிறார்.

பிட்சர்களின் கணக்கைப் படித்தால் மனசு கனத்துவிடும். ஜிம் ஹ்யூயி: 4 வெற்றி, 30 தோல்வி. ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்ற கடைசி பிட்சர் இவர்தான். ஃபிராங்க் பேட்ஸ்: 1 வெற்றி, 18 தோல்வி. ஹாரி காலிஃப்ளவர் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார். அடுத்த 11-லும் தோற்றார். 30 தடவை தோற்க வேண்டுமானால் 30 தடவையாவது களத்துக்கு வந்திருக்க வேண்டும், நேயர்களே. ரயிலில் தூங்கி, தெரியாத ஊரில் விழித்து, தங்கள் பக்கம் கைதட்ட ஓர் ஆள் இல்லாத மைதானத்தில் போய் நின்று, வலிக்கிற தோளோடு மறுபடியும் எறிய வேண்டும். அதைச் செய்த மனிதரைத்தான் நாம் சிரிப்புக்கு உதாரணம் ஆக்கிவைத்திருக்கிறோம்.

அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வென்றது அந்த சீசனில் ஒரே ஒரு தடவை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி வரிசையாக 24 தோல்வி. செப்டம்பர் நடுவில் ஒரு வெற்றி. அதன் பிறகு மறுபடியும் 16 தோல்வி. வெற்றி தோல்விக் கணக்கில், முதலிடம் பிடித்த புரூக்ளினுக்கு 84 ஆட்டம் பின்னால். 12 அணிகளில் பதினோராவதாக வந்த வாஷிங்டனுக்கே 35 ஆட்டம் பின்னால்.

இத்தனையும் செய்து ராபிசன்களுக்குக் கிடைத்தது என்ன? செயின்ட் லூயிஸ் ஐந்தாம் இடம். அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து சை யங்கும் பாஸ்டனுக்குப் போய்விட்டார்.

1900-ல் லீக் 12 அணியிலிருந்து 8 ஆகக் குறைந்தபோது கிளீவ்லாந்தை நீக்கினார்கள். முதலாளிகள் அதற்கும் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டார்கள். 1901-ல் முதல்தர லீக்காக உயர்ந்த அமெரிக்கன் லீக்கில் அந்த ஊருக்கு வேறோர் அணி இருந்தது. அதே லீக் பார்க்கில் அது ஆடியது. இன்று கார்டியன்ஸ் என்ற பெயரில் இருப்பது அந்த அணிதான்.

கடைசியாக ஒன்று. சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் ஒன்று சேர்ந்து, தங்களோடு ஊர் ஊராக வந்த பயணச் செயலாளருக்கு வைரம் பதித்த ஒரு லாக்கெட் பரிசளித்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்டம் அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய துர்ப்பாக்கியம் இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் வாய்த்தது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அத்தனை தோல்வி கண்ட ஒரு வருஷத்தில், நன்றி சொல்ல அவர்கள் தேடிக் கண்டுபிடித்த ஆள் அவர்.

வணக்கம்.