ஜாக் ஸ்டீன்: யாரை எங்கே நிறுத்துவது

எல்லோருக்கும் வணக்கம்.

1967 மே 25 அன்று லிஸ்பனில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்ற ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியின் பதினொரு பேரும், கிளாஸ்கோவில் உள்ள தங்கள் மைதானத்திலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இதைச் சொல்லிப் பெருமைப்படாத செல்டிக் ரசிகர் கிடையாது. நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். 1965 மார்ச்சில் ஜாக் ஸ்டீன் மேலாளராக வந்தபோது அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். அவர் விலை கொடுத்து வாங்கியவர் வில்லி வாலஸ் ஒருவர்தான்: 1966 டிசம்பர், ஹார்ட்ஸ் கிளப்பிலிருந்து, 30,000 பவுண்டு. மற்றபடி அதே ஆட்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் 1957க்குப் பிறகு செல்டிக்குக்கு ஒரு பெரிய கோப்பைகூட இல்லை.

அப்படியென்றால் அந்த மனிதர் என்ன செய்தார்? என் கட்சி இதுதான்: யாரை எங்கே நிறுத்துவது என்பதில் அவரளவுக்குத் தெளிவான கை அந்தக் காலத்தில் வேறு இல்லை. அதே விஷயத்தில் ஒரு நாள் பலமாக இடறவும் செய்தார். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

பிறந்தது 1922இல், லனார்க்‌ஷரில் பர்ன்பேங்க் என்ற ஊரில். நிலக்கரிச் சுரங்கப் பூமி. பள்ளியை விட்டதும் கொஞ்ச காலம் கார்ப்பெட் ஆலை, பிறகு சுரங்கம். 1942இல் ஆல்பியன் ரோவர்ஸ் அணியில் சென்டர் ஹாஃபாக, அதாவது நடுப் பின்காப்பு ஆட்டக்காரராகச் சேர்ந்தும் சுரங்க வேலையை விடவில்லை. வாரமெல்லாம் நிலத்துக்குக் கீழே, சனிக்கிழமை ஆட்டம். முழுநேர ஆட்டக்காரரானது 1950இல், வேல்ஸில் லனெல்லி என்ற சின்ன கிளப்பில். ஹாமில்டனில் இருந்த வீட்டில் திருடர்கள் புகுந்ததால் ஊருக்கே திரும்பிவிட நினைத்துக்கொண்டிருந்த சமயம் செல்டிக் கூப்பிட்டது. 1,200 பவுண்டுக்கு ரிசர்வ் அணிக்கென்று எடுத்தார்கள். முதல் அணியின் டிஃபெண்டர்கள் வரிசையாகக் காயப்பட, இவர் உள்ளே போனார். அடுத்த ஆண்டே கேப்டன். 1954இல் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டும் அவர் கையில். அசாத்திய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வலது காலும் சுமார்தான். 1955இல் ரேஞ்சர்ஸுடன் ஆடும்போது கணுக்கால் போனது. அது சரியாகவே இல்லை, கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

இன்னொரு விஷயம். செல்டிக் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடியேறிகள் தொடங்கிய கிளப், ஸ்டீன் புராட்டஸ்டன்ட். அவர் பச்சை வெள்ளைச் சட்டை போட்டதும் ஊரில் பழைய நண்பர்கள் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிற்பாடு அந்த கிளப்பின் முதல் புராட்டஸ்டன்ட் மேலாளரும் இவர்தான்.

மேலாளர் வேலை தொடங்கியது 1960 மார்ச்சில் டன்ஃபெர்ம்லினில். கீழ்ப் பிரிவுக்கு விழப்போகிற நிலை, மிச்சம் ஆறு ஆட்டம். ஆறிலும் ஜெயித்தார்கள், முதல் ஜெயமே செல்டிக்கை எதிர்த்து. மறு ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியிலும் செல்டிக்தான் எதிரே: முதல் நாள் 0-0, மறு ஆட்டத்தில் 2-0. பிறகு கொஞ்ச காலம் ஹிபர்னியன். அங்கிருந்தபோது, வயதாகிவிட்டது என்று ரோனி சிம்ப்சன் என்ற கோல்கீப்பரை செல்டிக்குக்கு விற்றார். சில மாதம் கழித்து இவரே செல்டிக்குக்கு வர, அங்கே அதே சிம்ப்சன் உட்கார்ந்திருந்தார்! லிஸ்பனில் கோல் காத்தவர் அவர்தான், 36 வயதில்.

இடையில் ஒரு பயணம் முக்கியம். 1963இல் கில்மார்னக் மேலாளர் வில்லி வாடெலுடன் மிலானுக்குப் போய், இன்டர் அணியின் ஹெலேனியோ ஹெரேரா எப்படிப் பயிற்சி கொடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். இதை மனதில் வையுங்கள்.

செல்டிக்கில் அதுவரை அணியை முடிவு செய்வதில் சேர்மன் பாப் கெல்லியின் பேச்சுதான் எடுபடும். மேலாளர் பெயருக்குத்தான். வருவதற்கு முன்பே ஸ்டீன் பேசி முடித்த நிபந்தனை: ஆள் தேர்வு முழுக்க என்னுடையது. பயிற்சியும் மாறியது. அதற்கு முன் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான் பயிற்சி, பந்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். வாரம் முழுக்கப் பந்து கிடைக்காவிட்டால் சனிக்கிழமை அதற்குப் பசியோடு இருப்பார்கள் என்பது பழைய நம்பிக்கை. ஸ்டீன் தானே டிராக்சூட் போட்டு இறங்கி, பந்தோடு பயிற்சி கொடுத்தார்.

பிறகு இடமாற்றம். முன்வரிசையில் ஆடிய பாபி மர்டாக்குக்கு வேகம் குறைவு. ஆனால் நீளமான பாஸ் அவர் கால்போல வேறு காலில் வராது. அவரைப் பின்னால் இழுத்து நடுக்களத்தில் வைத்தார். இடது விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் முன்கள வீரர் பெர்ட்டி ஆல்டுக்கும் அதே வைத்தியம். 1966 கோடையில் பெர்முடா, அமெரிக்கா, கனடா என்று அணியைச் சுற்றுப்பயணம் கூட்டிப் போனார்: 11 ஆட்டம், தோல்வி இல்லை. புள்ளிகள் கணக்கில் சேராத அந்த ஆட்டங்களில்தான் 4-2-4 அமைப்பு (பின்னால் நான்கு, நடுவில் இரண்டு, முன்னால் நான்கு) பதம் பார்க்கப்பட்டது. நடுவில் மர்டாக், ஆல்டு இரண்டே பேர். திரும்பி வந்து அடுத்த லீக் பருவத்தில் 111 கோல்.

இப்போது லிஸ்பன். எதிரே ஹெரேராவின் அதே இன்டர். அவர்களுடைய ‘கத்தெனாச்சோ’ என்ற தற்காப்பு முறை எப்படி வேலை செய்யும் என்று முதலில் பார்த்துவிடுவோம். எதிரணியின் ஒவ்வொரு முன்கள வீரருக்கும் ஒரு காவல்காரர். அவன் எங்கே போனாலும் இவர் பின்னாலேயே போக வேண்டும். எல்லோருக்கும் பின்னால் கேப்டன் பிக்கி தனியாள்; தப்பி வருகிற பந்தைத் துடைப்பது அவர் வேலை. முதலில் ஒரு கோல் போட்டுவிட்டால் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றும் அப்படித்தான்: ஏழாவது நிமிடம் ஜிம் கிரெய்க் கப்பெல்லினியைத் தள்ளியதாகப் பெனால்டி, மஸ்ஸோலா அடித்தார், 1-0.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை எங்கே? காவல்காரர் ஆளைப் பார்க்கிறார், இடத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே விங்கர்கள் ஜிம்மி ஜான்ஸ்டனும் பாபி லெனாக்ஸும் ஓரத்தில் நிற்காமல் உள்ளே நகர்ந்தார்கள். அவர்களுடைய காவல்காரர்களும் கூடவே உள்ளே போனார்கள். இரண்டு ஓரமும் காலி! அந்த இடத்துக்குள் பின்னாலிருந்து ஏறியவர்கள் ஃபுல் பேக்குகள், அதாவது ஓரப் பின்காப்பு ஆட்டக்காரர்கள்: வலப்பக்கம் கிரெய்க், இடப்பக்கம் டாமி ஜெம்மல். ஃபுல் பேக்கைக் காவல் காக்க இன்டரில் ஆள் யாரும் ஒதுக்கப்படவில்லை. கோல்கீப்பர் சார்த்தி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார், இரண்டு முறை பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது.

63ஆம் நிமிடம். மர்டாக் வலப்பக்கம் கிரெய்க்குக்குக் கொடுத்தார். கிரெய்க் அவசரப்படவில்லை, காத்திருந்து, பெனால்டி கட்டத்துக்கு வெளியே குறுக்காக உருட்டிவிட்டார். ஓடி வந்து வலது காலால் அடித்தவர் ஜெம்மல். ஒரு ஃபுல் பேக் முன்னே போனால் மற்றவர் பின்னே நிற்க வேண்டும் என்பது பாலபாடம். இங்கே ஒரு ஃபுல் பேக் கொடுக்க, இன்னொரு ஃபுல் பேக் கோல் போடுகிறார்! ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது ஜெம்மல் இடப்பக்கம் ஏறிப் பின்னுக்குத் தள்ள, மர்டாக் அடித்த பந்தைக் கோல் வாசலில் ஸ்டீவி சாமர்ஸ் திருப்பிவிட்டார். 2-1. நான்கு ஆண்டுக்கு முன் யாரிடம் போய்ப் படித்தாரோ அவரிடமே பரீட்சை எழுதி வென்றார். கோல் வலைக்குள் கிடந்த சிம்ப்சனின் தொப்பியில் சக ஆட்டக்காரர்கள் கழற்றி வைத்த பொய்ப் பற்கள் பத்திரமாக இருந்தன. கோப்பை வாங்கும்போது படத்துக்குப் பல் வேண்டுமே!

ஆளை நிறுத்துவது என்றால் களத்தில் மட்டும் இல்லை, மனதிலும்தான். ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றால் நடுக்கம். 1968 நவம்பரில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாருடன் கிளாஸ்கோவில் முதல் ஆட்டம், மறு ஆட்டம் பெல்கிரேடில். இடைவேளையில் 1-1. நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் நீ பெல்கிரேடுக்கு வர வேண்டாம் என்று ஸ்டீன் அவரிடம் சொன்னார். முடிவு 5-1; ஜான்ஸ்டன் இரண்டு போட்டார். மறு ஆட்டத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்தார்.

சரி, இடறிய கதை. 1970 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸை அங்கே 1-0, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் 1,36,505 பேர் முன்னால் 2-1 என்று வென்றது செல்டிக். ஜார்ஜ் கானலி நடுக்களத்துக்குக் கொடுத்த வலுதான் அதில் பெரிய பங்கு. மே 6, மிலானில் இறுதி ஆட்டம். எதிரணி நெதர்லாந்தின் ஃபெயனூர்ட். கானலி பெஞ்சில்! பழையபடி மர்டாக், ஆல்டு இரண்டே பேர். ஃபெயனூர்டிடம் நடுவில் மூன்று பேர்: ஹாசில், யான்சன், ஃபான் ஹானெகெம். இரண்டுக்கு மூன்று என்றால் ஒருவர் எப்போதும் தனியாக நிற்பார், பந்து அவரிடமே போகும். 30ஆம் நிமிடம் ஜெம்மல் கோல் போட்டும், இரண்டே நிமிடத்தில் இஸ்ரேல் என்ற டிஃபெண்டர் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 117ஆம் நிமிடம், ஃபெயனூர்டின் ஷிண்ட்வால் அடித்து 2-1. எதிரணியைப் பற்றி ஸ்டீன் பெரிதாக எச்சரிக்கவில்லை என்று ஆட்டக்காரர்களே பின்னாளில் சொன்னார்கள். லீட்ஸை வென்றதே இறுதி ஆட்டம் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. ஆனால் நினைப்பை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கையிலேயே ஒரு ஆள் குறைவு.

உள்நாட்டில் அசைக்க முடியவில்லை: 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக். 1975இல் பெரிய கார் விபத்து. அதற்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. 1978இல் செல்டிக்கை விட்டார். லீட்ஸில் 44 நாள் இருந்துவிட்டு ஸ்காட்லாந்து தேசிய அணிக்குப் போனார். 1982 உலகக் கோப்பையில் சோவியத் யூனியனுடன் 2-2. ஸ்காட்லாந்தின் ஹான்சனும் மில்லரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள ஷெங்கெலியா போட்ட கோல் நினைவிருக்கும். கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். வேல்ஸுடன் சமன் செய்தால் போதும், 1986 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறக் கடைசி வாய்ப்பான ப்ளே-ஆஃப் கிடைக்கும். வேல்ஸின் மார்க் ஹியூஸ் முதலில் கோல் போட்டார். இடைவேளையில்தான் தெரிந்தது, கோல்கீப்பர் ஜிம் லெய்டன் கான்டாக்ட் லென்ஸைத் தொலைத்துவிட்டார், மாற்று லென்ஸும் இல்லை. அவர் லென்ஸ் போடுகிறவர் என்பதே அபர்டீனில் அவருடைய மேலாளராகவும் அன்று ஸ்டீனுக்கு உதவியாளராகவும் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்குத் தெரியாது! ஆலன் ரஃபை இறக்கினார்கள். 61ஆம் நிமிடம் ஸ்ட்ராக்கனை எடுத்துவிட்டு விங்கர் டேவி கூப்பரை அனுப்பினார் ஸ்டீன். 81ஆம் நிமிடம் வேல்ஸ் வீரர் கையில் பந்து பட்டுப் பெனால்டி. கூப்பர் அடித்தார், 1-1. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் பெஞ்ச் அருகே சரிந்தார். மைதானத்து மருத்துவ அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62.

ப்ளே-ஆஃபில் எதிரணி ஆஸ்திரேலியா. பொறுப்பு ஃபெர்குசனிடம் வந்தது. கிளாஸ்கோவில் 2-0, மெல்போர்னில் 0-0, ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்காக மெக்சிகோவுக்குப் போனது. கிளாஸ்கோவில் முதல் கோல் போட்டவர் அதே டேவி கூப்பர்.