கேஷுவாலிட்டி நிரம்புவது எங்கே?

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்பத்திரியில் அவசர கேஸ்களைப் பார்க்கும் கேஷுவாலிட்டியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "அந்தக் காலத்தில் இவ்வளவு கூட்டம் இல்லையே சிஸ்டர்?" என்று தாராவியிலும் கேட்கிறார்கள், மாட்டுங்காவிலும் கேட்கிறார்கள்.

ஊர் பெருத்துவிட்டது. 1981 கணக்கெடுப்பில் 82 லட்சம் பேர் இருந்த மும்பை, 2011-இல் 1 கோடியே 24 லட்சம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு. அடிபட்டு வந்தவரைப் போலீஸ் கேஸ் என்று தட்டிக்கழிக்காமல் உடனே பார்க்க வேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் மகாராஷ்டிரத்துக்கு 108 வந்தது. முன்பு வழியிலேயே போயிருக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடு வாசலுக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டம் கூடினால் எனக்குச் சந்தோஷம்தான்.

"சளிக்கும் காய்ச்சலுக்கும் இங்கே வந்துவிடுகிறார்கள்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஓபிடியில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், சீட்டு எடுக்கக் காலையில் வரிசையில் நிற்க வேண்டும். நின்றால் அன்றைய கூலி போச்சு. 2022-இல் மாநகராட்சி தொடங்கிய ஆப்லா தவாக்கானா என்ற சின்ன மருந்தகங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன, நல்ல காரியம். எப்படியும் சளிக்காரர் பெஞ்சில் உட்காருவார், மருந்து வாங்குவார், போய்விடுவார். நோயாளியைப் படுக்க வைக்கிற ட்ராலியை அவர் அடைப்பதில்லை.

அடைப்பது யார்? ஊசி போட்டு, அட்மிஷனும் எழுதியாகி, மேலே வார்டில் கட்டில் கிடைக்காமல் கீழேயே கிடப்பவர். இதை நான் எல்லா மீட்டிங்கிலும் சொல்வேன். மேட்ரன் "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்பார்.

ஒரு ஜூலை மழை. டெங்கு, மலேரியா, லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். ட்ராலி தீர்ந்து தரையில் பாய் விரித்தாகிவிட்டது. பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்களில் தலை சீவி, பையைக் கட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! "ஏன்யா போகலை?" என்றால், "கார்டு வரலை சிஸ்டர்."

பெரிய டாக்டர் காலை ரவுண்டிலேயே போகலாம் என்றுவிட்டார். டிஸ்சார்ஜ் கார்டு எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். கார்டு வர மாலை ஆகும். கூட்டிப்போக வேண்டிய மகனுக்கு அந்தேரியில் டியூட்டி. அவன் ஷிப்ட் முடித்து, லோக்கல் பிடித்து, தாதரில் மாறி வரும்போது இரவு எட்டு. அதுவரை கீழே ஒரு பாட்டி ட்ராலியில். பாட்டி மேலே போனால்தான் ஆம்புலன்சில் வந்தவரைக் கிடத்த இடம். கூட்டம் தெரிவது கீழே, அடைப்பு மேலே. இன்னொரு தடவை சொல்கிறேன், அடைப்பு மேலே!

நான் கேட்டது பெரிய கட்டடம் இல்லை. வார்டுக்கு வெளியே நாலு பெஞ்சு, ஒரு ஃபேன், பார்த்துக்கொள்ள ஒரு மாவ்ஷி, நம்ம ஊர் ஆயாம்மா. கார்டுக்குக் காத்திருப்பவர் அங்கே உட்காரட்டும். கட்டில் காலையிலேயே காலி. ஃபைல் போனது, திரும்பி வரவில்லை. இங்கிலாந்தில் 2004-இல், வந்தவர் நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ வார்டுக்கோ போயாக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அவ்வளவு பணம் உள்ள ஊரிலும் அது முட்டி நிற்பது இதே மேல்மாடிக் கட்டிலில்தான்.

சரி, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்கள். முதலில் வந்தவரை ஏன் முதலில் பார்ப்பதில்லை என்று விளக்க நினைத்திருந்தேன், நேரமில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வெறும் வாயுதான்" என்கிறவரை மட்டும் வரிசையில் நிறுத்தாதீர்கள், வாசலிலேயே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது. வணக்கம்.