7 கலோரி எரிக்க 110 கலோரியா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனர்ஜி டிரிங்க் குடித்தால் உடல் எடை குறையும் என்று எதிரணியில் இரண்டு பேர் பேசி முடித்திருக்கிறார்கள். குறையாது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

முதலில் பேசியவர், 'காஃபீன் வளர்சிதை மாற்றத்தைக் கூட்டும், உட்கார்ந்த இடத்திலேயே கலோரி எரியும்' என்றார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு எரியும் என்று அவர் சொல்லவே இல்லையே! சரி, அந்தக் கணக்கை நான் போடுகிறேன். 100 மில்லிகிராம் காஃபீன் உள்ளே போனால், ஓய்வில் இருக்கிற உடம்பு எரிக்கும் கலோரி 3 முதல் 4 சதவீதம் கூடும். அதுவும் சுமார் இரண்டரை மணி நேரத்துக்குத்தான். சும்மா இருக்கும்போது மணிக்கு 70 கலோரி எரிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு 175. அதில் 4 சதவீதம் என்றால் 7 கலோரி. வழக்கமான 250 மில்லி டப்பாவில் இருப்பதோ 80 மில்லிகிராம் காஃபீன்தான். ஆக, அந்த ஏழுகூட முழுசாகத் தேறாது.

இப்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை, 45 கலோரி என்று போட்டிருக்கும். பார்த்தால் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் யாரும் 100 மில்லி குடித்துவிட்டு மீதியை எடுத்து வைப்பதில்லை. முழு டப்பாவுக்கு 27 கிராம் சர்க்கரை, 110 கலோரி. உலக சுகாதார அமைப்போ, சேர்க்கிற சர்க்கரை ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரே டப்பாவில் அது தாண்டிவிட்டது. 7 கலோரி எரிக்க 110 கலோரி குடிப்பதா? இது சாண் ஏற முழம் சறுக்குகிற கணக்கு, நடுவர் அவர்களே!

'அப்படியானால் நாலைந்து டப்பா குடிக்கலாமே' என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். ஐந்து டப்பாவிலேயே 400 மில்லிகிராம் காஃபீன் வந்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அதுதான் எல்லை.

இரண்டாவதாகப் பேசியவர் சாமர்த்தியசாலி. சர்க்கரை இல்லாத டப்பாவைக் கையில் எடுத்தார். எதிரணியின் வலுவான வாதம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடைக் கட்டுப்பாட்டுக்காக, அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் அதே உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் அவற்றால் உடல் கொழுப்பு குறைவதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு இதற்கு மாறினால் 110 கலோரி மிச்சம் என்பார்கள். தண்ணீர் குடித்தாலும் அதே 110 மிச்சம்தானே!

'பசியை அடக்கும்' என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் அடக்கலாம். ஆனால் ராத்திரி என்ன ஆகிறது என்று யாராவது யோசித்தோமா? என் மனசை மிகவும் உறுத்துவது இதுதான். எடையைக் குறைக்கத் தவிக்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப்போனவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டப்பாவைக் குடித்துவிட்டு உடற்பயிற்சிக்குப் போகிறார். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கப் போகும் பத்து மணிக்கு, குடித்ததில் பாதி இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. தூக்கம் குறைந்தால் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், 'இன்னும் கொண்டா' என்று கேட்கும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும். மறுநாள் காலையில் பசியும் அதிகம், அசதியும் அதிகம். அசதிக்கு மறுபடி ஒரு டப்பா. அந்த மனிதர் முயற்சி செய்யாமல் இல்லை, நடுவர் அவர்களே. அவர் முயற்சியையே இந்தப் பானம் கெடுக்கிறது.

உடற்பயிற்சிக்குத் தெம்பு தருமே என்பார்கள். தரும், காஃபீன் தரும். ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்க்காத ஒரு கப் காபியிலும் ஏறக்குறைய அதே காஃபீன் இருக்கிறது, கலோரியோ ஐந்துக்குள். பி வைட்டமின்கள் இருக்கின்றனவே என்றால், குறைபாடு இல்லாதவர் உடம்பில் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அப்புறம், அந்தக் காபியில் இல்லாத எந்தப் பொருள் இந்த டப்பாவில் உட்கார்ந்து எடையைக் குறைக்கிறது? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் அதன் பெயரைச் சொல்லட்டும், அதை நிரூபிக்கட்டும். நன்றி, வணக்கம்.