மூக்கு எங்கே என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்

(காரைக்குடியில் இளம் தாய்மார்கள் கூட்டத்தில் பேசியது)

ஆச்சிமார்களுக்கும் மடியில் பிள்ளையோடு வந்திருக்கிற தாய்மார்களுக்கும் வணக்கம். பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

என் மூத்தவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு படப் புத்தகம் வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவன் புத்தகத்தின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சலித்துப் போயிற்று. முகப்பில் உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டி, ஆயா என்று கூப்பிடுவோம், அதை வாங்கி, யானைப் படத்தைக் காட்டி, "இது யாரு ராசா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவன் "ப்பா" என்றான். "ஆமாண்டா, யானைதான்! பிள்ளையார்பட்டியில பார்த்தமே, அதே தும்பிக்கை!"

ஆயா எந்த ஆராய்ச்சியும் படித்தவர் இல்லை. ஆனால் நினியோ, புரூனர் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1978-இல் எழுதிய கட்டுரையில் இதே காட்சிதான் இருக்கிறது. ஒரு தாயையும் பிள்ளையையும் எட்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கவனித்தார்கள். அந்தத் தாய் "பாரு" என்பாள், "இது என்ன" என்பாள், பெயரைச் சொல்வாள், பிள்ளை ஏதாவது செய்தால் "ஆமாம்" என்பாள். சிரிப்போ உளறலோ, எல்லாமே அவளுக்குப் பதில்தான். அப்புறம் பிள்ளைக்குச் சொல் வரத் தொடங்கியதும் ஆள் மாறிவிடுகிறாள். வெறும் உளறலை ஒப்புக்கொள்ளாமல் திரும்பக் கேட்கிறாள். நம் ஊரில் பேரம் பேசுவது மாதிரிதான்!

இதற்குப் புத்தகமே வேண்டும் என்றில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கிறோமே, அங்கேயும் இதே ஆட்டம்தான். "மூக்கு எங்கே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கேள்வியும் நாமே, பதிலும் நாமே என்று ஓடிவிடுகிறோம்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்றைச் செய்து பார்த்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் பார்க்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்த்தது, குரல் கொடுத்துப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் கொடுக்கும்போது கையில் செல்போன் இருந்தால் நம் முகம் எப்படி இருக்கும்? அதை நீங்களே சொல்லுங்கள்.

எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பெரிய படமும் கெட்டி அட்டையுமாக ஒன்று போதும். மூலையைக் கடிக்கத்தான் செய்வார்கள்.